பாவம் வாரிசுக்கு வராது, கணக்கு வரும்!

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்து கொண்ட கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தந்தை நடத்திய கடையை மகன் ஏற்றுக் கொள்கிறான் என்று வைத்துக் கொள்வோம். கடையோடு என்னவெல்லாம் வருகிறது? பெயர்ப் பலகை வருகிறது. சரக்கு வருகிறது. வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். இன்னாருடைய மகன் என்ற நம்பிக்கை வருகிறது. அத்தோடு பேரேடும் வருகிறது. அந்தப் பேரேட்டில் வர வேண்டிய பாக்கியும் இருக்கும். கொடுக்க வேண்டிய பாக்கியும் இருக்கும். "வர வேண்டியதெல்லாம் எனக்கு; கொடுக்க வேண்டியதெல்லாம் வாப்பாவோடு போய்விட்டது" என்று ஒரு மகன் சொன்னால் கடைத்தெரு அவனை ஏற்றுக் கொள்ளுமா? மய்யித்தின் கடனை அடைத்த பிறகுதான் பாகப்பிரிவினை என்பது நமக்கெல்லாம் தெரிந்த முறைதானே!

இது பணக் கடனுக்கு உள்ள விதி. ஆனால் பணத்தால் அளக்க முடியாத ஒரு கடனைத் தந்தை வைத்துவிட்டுப் போயிருந்தால்? போர்க் காலத்தில், தன் நாட்டை அடிமைப்படுத்திய அந்நியனோடு கை கோத்துக் கொண்டு, ஊரார் பிள்ளைகளை அவனுடைய யுத்தத்திற்குத் தூண்டி அனுப்பியவர் என்னுடைய தந்தை என்று ஒரு மகனுக்குத் தெரிய வந்தால்? அவன் என்ன செய்ய வேண்டும்? மறைக்க வேண்டுமா? மறுக்க வேண்டுமா? தந்தையைத் தூற்ற வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு முகம் கொடுத்த நாடுகள் பல. அவற்றில் தென் கொரியாவை மட்டும் இன்று எடுத்துக் கொள்கிறேன். அங்கே மூன்று மகன்கள் மூன்று விதமாக நடந்து கொண்டார்கள். மூன்றிலும் நமக்குப் படிப்பினை இருக்கிறது.

அடிமைப்பட்ட 35 ஆண்டுகள்

1910ஆம் ஆண்டு ஜப்பான் கொரியாவைத் தன்னோடு இணைத்துக் கொண்டது. 1945 ஆகஸ்ட் 15 அன்று அந்த அடிமைத்தனம் முடிந்தது. நமக்கு விடுதலை கிடைத்த அதே ஆகஸ்ட் 15. இரண்டு ஆண்டுகள் முன்னதாக!

1937இல் ஜப்பான் சீனாவோடு முழுப் போரில் இறங்கியது. அன்று முதல் கொரியர்களின் கழுத்தில் கயிறு இறுகியது. 1938இல் கொரிய இளைஞர்களைத் 'தொண்டர்கள்' என்ற பெயரில் படைக்கு எடுத்தார்கள். 1940இல் கொரியர்கள் தம் பெயர்களை ஜப்பானியப் பாணியில் மாற்றிக் கொள்ள நெருக்கப்பட்டார்கள். 1944இல் கட்டாயப் படைச் சேர்ப்பு நடைமுறைக்கு வந்தது. ஆண்கள் சுரங்கங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் கொண்டு போகப்பட்டார்கள். பெண்கள் ஜப்பானிய இராணுவத்தின் பாலியல் அடிமைகளாக்கப்பட்டார்கள். இந்தக் கொடுமையை அனுபவித்த கிம் ஹாக் சூன் என்ற மூதாட்டி 1991 ஆகஸ்டில்தான் முதன்முதலாகத் தன் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் உலகின் முன் சாட்சி சொன்னார்.

இவ்வளவையும் ஜப்பானியர்கள் மட்டுமே செய்து விடவில்லை. உள்ளூர்க் கரங்கள் தேவைப்பட்டன. போலீசில் கொரியர்கள் இருந்தார்கள். நிர்வாகத்தில் இருந்தார்கள். மேடையேறிப் பேச ஆசிரியர்களும், எழுத்தாளர்களும், மதத் தலைவர்களும் இருந்தார்கள். "சக்கரவர்த்திக்காக உயிரைக் கொடுங்கள்" என்று இளைஞர்களிடம் முழங்கியவர்கள் அவர்கள்தாம்.

இவர்களெல்லாம் பிறவித் துரோகிகளா என்றால், இல்லை சகோதரர்களே! யி குவாங் சூ என்ற எழுத்தாளர் 1919இல் டோக்கியோவில் கொரிய மாணவர்கள் வெளியிட்ட விடுதலைப் பிரகடனத்தை எழுதியவர். கொரியாவின் நவீன நாவலுக்கு முன்னோடி. அதே மனிதர் 1943இல் ஜப்பானுக்குப் போய், அங்கே படித்துக் கொண்டிருந்த கொரிய மாணவர்களிடம் படையில் சேருமாறு பிரச்சாரம் செய்தார். விடுதலைப் பிரகடனம் எழுதிய கைக்கே இந்தக் கதி என்றால், சாதாரண மனிதனின் நிலை என்ன? சிந்தித்துப் பாருங்கள்.

மூடப்பட்ட கோப்பு

விடுதலைக்குப் பின் இவர்களை விசாரிக்க வேண்டும் என்று மக்கள் கேட்டார்கள். 1948 செப்டம்பரில் தனிச் சட்டம் வந்தது. விசாரணைக் குழு அமைந்தது, கைதுகள் நடந்தன. ஆனால் ஜப்பானியர் காலத்துப் போலீஸ் அதிகாரிகள் பலர் புதிய நாட்டிலும் அதே நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஜனாதிபதி சிங்மன் ரீக்குக் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவர்கள் தேவைப்பட்டார்கள். 1949 ஜூன் 6 அன்று போலீசாரே அந்த விசாரணைக் குழுவின் அலுவலகத்தில் புகுந்து தாக்கினார்கள். அந்த ஆண்டிலேயே குழு கலைந்து போனது.

வழக்கு மூடப்பட்டது. ஆனால் கணக்கு தீரவில்லை. விடுதலைக்குப் போராடியவன் குடும்பம் மூன்று தலைமுறைக்கு அழியும். அந்நியனுக்குத் துணை போனவன் குடும்பம் மூன்று தலைமுறைக்குச் செழிக்கும் என்று கொரிய மக்கள் கசப்போடு பேசிக் கொள்வது வழக்கமாகி விட்டது. ஒரு நாட்டு மக்கள் இப்படிப் பேச நேர்ந்தால் அது அந்த நாட்டின் நீதிக்கே ஏற்பட்ட இழுக்கு அல்லவா?

முதல் மகன்: எழுதியவர்

லிம் ஜோங் குக் 1929இல் பிறந்தவர். கவிஞர், விமர்சகர். விடுதலை கிடைத்தபோது பள்ளிப் பருவத்து இளைஞர். 1965இல் தென் கொரிய அரசு ஜப்பானோடு உறவை ஒழுங்குபடுத்தும் ஒப்பந்தம் செய்தது. பழைய கணக்கைப் பேசாமலேயே கை குலுக்குகிறார்களே என்ற கொதிப்பு அவருக்கு. பழைய பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் தேடிப் பிடித்தார். யார் எந்த மேடையில் பேசினார், யார் எதை எழுதினார் என்று ஒவ்வொன்றாகக் கையால் குறிப்பெடுத்தார். 1966இல் ஜப்பானுக்குத் துணை போன இலக்கியவாதிகளைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது.

அந்தத் தேடலில் அவர் கண்ணில் பட்ட பெயர்களில் ஒன்று லிம் மூன் ஹோ. அவருடைய சொந்தத் தந்தை! சொந்தோக்கியோ என்பது கொரிய மண்ணில் தோன்றிய ஒரு மதம். அதன் முக்கியஸ்தர்களில் ஒருவர் அவர். 1937இல் போர் தொடங்கியபோது ஜப்பானுக்கு ஆதரவாகச் சொற்பொழிவாற்றப் புறப்பட்டவர்களில் ஒருவர்.

மகன் என்ன செய்தார் தெரியுமா? அந்தப் பெயரையும் எழுதினார். தான் படித்த பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த யூ ஜின் ஓவின் பெயரையும் எழுதினார். அதோடு நிற்கவில்லை. சிறுவயதில் ஜப்பானியக் கல்வியில் ஊறி, எதுவும் புரியாமல் தான் வளர்ந்த கதையையும் அதே நூலில் வெட்கத்தோடு சொன்னார். அடுத்தவன் வீட்டுக் கணக்கைக் கேட்பவன் முதலில் தன் வீட்டுப் பேரேட்டைத் திறந்து காட்ட வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

இங்கே தந்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தந்தையின் பெயரைச் சேர்ப்பதில் மகன் தயங்கியதாகவும், "என் பெயரையும் சேர்த்துக் கொள், அதை விட்டுவிட்டால் உன் நூலுக்கு மதிப்பிருக்காது" என்ற பொருள்படத் தந்தையே சொன்னதாகவும் கொரியாவில் பரவலாகச் சொல்லப்படுகிறது. பிழை செய்த தந்தை தன் மகனுக்குச் செய்யக் கூடிய மிகப் பெரிய உதவி எது? வாயைத் திறந்து உண்மையைச் சொல்வதுதான்! மகனைக் காவல்காரனாக்கி ஒரு பொய்க்கு வாழ்நாள் முழுதும் காவல் நிற்க வைப்பது உதவியல்ல. அது மகன் தலையில் ஏற்றும் இரண்டாவது சுமை.

அந்த நூலால் அவருக்குப் பணமும் வரவில்லை, பதவியும் வரவில்லை. பிற்காலத்தில் சொன்னான் என்ற ஊருக்கருகே போய், செஸ்ட்நட் மரங்களை வளர்த்துப் பிழைத்தார். 1989இல் இறந்தார். விட்டுச் சென்ற சொத்து, பெயர் பெயராகக் கையால் எழுதிய சுமார் 12,000 குறிப்பு அட்டைகள்! அந்த அட்டைகளை ஏற்றுக் கொண்டு 1991இல் ஓர் ஆய்வு நிறுவனம் எழுந்தது. துணை போனவர்களின் விவரத் தொகுதியைத் தயாரிக்கும் பணியில் அது இறங்கியது. 2003 இறுதியில் நாடாளுமன்றம் அந்தப் பணிக்கான 50 கோடி வான் நிதியை வெட்டியபோது, பொதுமக்கள் 2004 ஜனவரியில் 11 நாட்களுக்குள் அதே தொகையைத் திரட்டிக் கொடுத்தார்கள். பெரிய முதலாளிகளல்ல, சாதாரண மக்கள்!

2009 நவம்பர் 8 அன்று அந்தத் தொகுதி வெளிவந்தது. மூன்று பாகங்கள், 4,389 பெயர்கள். இதில் யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள் என்பது முக்கியம். பெயரை மாற்றிக் கொண்ட ஒரே காரணத்துக்காக யாரையும் சேர்க்கவில்லை. ஏனெனில் கொரியக் குடும்பங்களில் ஏறத்தாழ 80 சதவீதம் நெருக்குதலால் பெயரை மாற்றியிருந்தன. பயந்து பணிந்தவன் வேறு. பதவியில் அமர்ந்து ஆணையிட்டவன் வேறு, மேடையில் தூண்டியவன் வேறு. இந்த வித்தியாசத்தைக் கவனத்தில் கொள்ளாமல் எல்லாரையும் ஒரே தராசில் வைத்தால் அது நீதியாகாது.

இரண்டாம் மகன்: மறுத்தவர்

ஷின் கி நாம் ஆளுங்கட்சியின் தலைவர். 2004 மே மாதம் அந்தப் பொறுப்புக்கு வந்தவர். போர்க் காலத் துணை போதலை விசாரிக்கும் சட்டத்தை மேலும் கடுமையாக்க வேண்டும் என்று முன்னின்று வாதிட்ட கட்சி அது. அந்த நேரத்தில் அவருடைய தந்தையைப் பற்றிப் பேச்சு கிளம்பியது. தந்தை ஆசிரியராக இருந்தவர் என்றுதான் அவர் சொல்லி வந்தார். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை! ஆசிரியர் வேலையை விட்டு, ஜப்பானியப் படையில் சேர்ந்து, இராணுவப் போலீசில் சார்ஜென்டாக இருந்தவர் அவர் என்று 2004 ஆகஸ்டில் ஒரு மாத இதழ் வெளியிட்டது. ஜப்பானிய இராணுவப் போலீஸ் என்றால் விடுதலை வீரர்களின் குடும்பங்களுக்கு இன்றும் உடல் நடுங்கும் பெயர்.

ஷின் கி நாம் உண்மையை ஒப்புக் கொண்டார். விடுதலை வீரர்களிடமும் அவர்களுடைய குடும்பங்களிடமும் மன்னிப்புக் கேட்டார். ஆகஸ்ட் 19 அன்று தலைவர் பதவியைத் துறந்தார். பதவிக்கு வந்து மூன்று மாதங்கள்தாம் ஆகியிருந்தன.

சகோதரர்களே! இவரை வீழ்த்தியது எது? தந்தையின் செயலா? இல்லை. அந்தத் தந்தைக்கு மகனாகப் பிறந்தது அவர் தேர்ந்தெடுத்ததல்ல. முதல் நாளே எழுந்து நின்று, "என் தந்தையும் அந்தப் படையில் இருந்தார், ஆகவேதான் இந்தச் சட்டம் வேண்டும் என்கிறேன்" என்று சொல்லியிருந்தால் அவருடைய குரலுக்கு எத்தனை மடங்கு வலிமை வந்திருக்கும்! அவரை வீழ்த்தியது மறைப்புதான். தந்தையின் பிழை தந்தையுடையது. அதை மூடிய துணி மகனுடையது.

அவர் பொறுப்பேற்று விலகியதையும் நாம் குறைத்துப் பேச வேண்டியதில்லை. காலம் தாழ்ந்தாலும் கணக்கைத் திறந்தாரே! நாற்காலியைப் பிடித்துக் கொண்டு கிடக்கும் தலைவர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு அதுவும் ஒரு பாடம்தான்.

மூன்றாம் மகன்: தடுக்க முயன்றவர்

பார்க் சுங் ஹீயின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1961இல் இராணுவப் புரட்சி மூலம் ஆட்சியைப் பிடித்து, 1979இல் சுட்டுக் கொல்லப்படும் வரை தென் கொரியாவை ஆண்டவர். அந்த நாட்டின் தொழில் வளர்ச்சிக்கு அடித்தளமிட்டவர் என்று போற்றப்படுபவர். எதிர்த்தவர்களைச் சிறையில் தள்ளியவர் என்று தூற்றப்படுபவர். இளம் வயதில் அவர் ஜப்பானின் கைப்பாவை அரசான மஞ்சூகுவோவின் படையில் அதிகாரியாக இருந்தவர். அதனால் 2009 தொகுதியில் அவருடைய பெயரும் சேர்ந்தது.

அவருடைய மகன் பார்க் ஜி மான் நீதிமன்றத்துக்குப் போனார். தொகுதி வெளிவரக் கூடாது என்று தடை கேட்டார். வேறு சில வாரிசுகளும் இப்படி வழக்குத் தொடுத்தார்கள். வெளியீட்டிற்குச் சில நாட்கள் முன்பு நீதிமன்றம் அவருடைய மனுவைத் தள்ளியது. அதே நாட்களில் அந்த ஆய்வு நிறுவனம் 1939 மார்ச் மாதத்து மஞ்சூரியப் பத்திரிகைச் செய்தி ஒன்றை வெளியிட்டது. படையில் சேர்த்துக் கொள்ளுமாறு பார்க் இரத்தத்தால் உறுதிமொழி எழுதி அனுப்பியதாக அதில் இருந்தது. மகன் மூட நினைத்த கதவு, தட்டிய வேகத்தில் இன்னும் அகலமாகத் திறந்து கொண்டது!

மகள் பார்க் குன் ஹே 2013இல் ஜனாதிபதியானார். 2015இல் அவருடைய அரசு, பள்ளிகளுக்கு அரசே எழுதும் ஒரே வரலாற்றுப் பாடநூல் என்று அறிவித்தது. தந்தையின் வரலாற்றுக்கு வெள்ளையடிக்கும் வேலை இது என்று எதிர்ப்பாளர்கள் வீதிக்கு வந்தார்கள். அரசு அதை மறுத்தது. 2017 மார்ச்சில் அவர் ஊழல் விவகாரத்தில் பதவி நீக்கப்பட்டார். மே மாதம் புதிய அரசு வந்ததும் அந்தப் பாடநூல் திட்டம் கைவிடப்பட்டது.

தந்தையை நேசிப்பது குற்றமா? இல்லவே இல்லை. வரவுப் பக்கத்தில் இருப்பதை மகன் எடுத்துச் சொல்லட்டும், யார் தடுத்தார்கள்? ஆனால் பற்றுப் பக்கத்தைக் கிழித்தெறியும் உரிமை எந்த மகனுக்கும் கிடையாது. ஏனெனில் அந்தப் பக்கத்தில் எழுதியிருப்பது மற்றவர்களுடைய பிள்ளைகளின் இரத்தமும் கண்ணீரும்.

வணிகர்கள் கவனிக்க வேண்டியது

அந்நியனிடமிருந்து பெற்ற சொத்து என்னவாயிற்று? லீ வான் யோங் என்பவர் நாட்டை ஜப்பானிடம் ஒப்படைத்த 1910 உடன்படிக்கையில் கையெழுத்திட்ட பிரதமர். அவருடைய வாரிசு ஒருவர் 1997இல் வழக்காடி நிலத்தைத் திரும்பப் பெற்றார். நாடே அதிர்ந்தது. 2005 டிசம்பரில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 1904 முதல் 1945 ஆகஸ்ட் 15 வரை, துணை போனதற்குக் கூலியாகக் கிடைத்த சொத்து அரசுக்குச் சேரும். அதன் பயன் விடுதலை வீரர்களுக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் போகும். 2006 முதல் 2010 வரை இயங்கிய குழு, 168 பேருடைய 2,359 நிலங்களை அரசுடைமையாக்க முடிவு செய்தது.

ஆனால் அந்தச் சட்டம் ஒரு வரம்பையும் வைத்தது. விவரம் தெரியாமலோ நியாயமான விலை கொடுத்தோ வாங்கிய மூன்றாவது நபரின் உரிமைக்குக் கேடு வராது. நேர்மையாகக் கொடுத்து வாங்கியவனைத் தண்டிக்கவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். உறவினர் செய்த செயலுக்காக ஒருவனுக்குப் பாதகம் செய்யக் கூடாது என்று தென் கொரிய அரசியல் சட்டத்தின் 13ஆவது பிரிவு கூறுகிறது. அப்படியானால் வாரிசின் நிலத்தை எடுக்கலாமா என்ற கேள்வி அரசியல் சட்ட நீதிமன்றத்துக்குப் போனது. 2011 மார்ச்சில் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. வாரிசைச் சிறையில் அடைக்கவில்லை. அவன் உழைத்துச் சேர்த்ததைத் தொடவில்லை. நாட்டை விற்றதற்குக் கிடைத்த கூலியை மட்டும் திரும்பக் கேட்டார்கள். பாவம் வாரிசுக்கு வராது. கணக்கு வரும் என்று நான் சொல்வது இதைத்தான்.

இளைஞர்களே! மூன்று விஷயங்கள்

முதலாவது, யாரையும் 'துரோகியின் மகன்' என்று அழைக்காதீர்கள். பிறப்பை வைத்து ஒருவனைச் சந்தேகிப்பதும், எவனோ செய்ததற்கு இவனைப் பதில் சொல்லச் சொல்வதும் எவ்வளவு பெரிய அநியாயம் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நமக்குச் செய்தால் வலிக்கிற ஒன்றை நாம் அடுத்தவனுக்குச் செய்யக் கூடாது.

இரண்டாவது, பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள். குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக் கேட்பதல்ல, பக்கத்தில் உட்கார்ந்து, மரியாதையோடு, "அன்று என்ன நடந்தது? நீங்கள் எங்கே நின்றீர்கள்? வேறு வழி இருந்ததா?" என்று கேளுங்கள். பயந்தார்களா, ஆசைப்பட்டார்களா, நம்பிச் செய்தார்களா என்பது அப்போதுதான் தெரியும். கேட்டதை எழுதி வையுங்கள். செத்தவர்கள் பேச மாட்டார்கள்; அவர்களுக்காகப் பிறர் பேசுவதில் பாதி புகழ்ச்சி, பாதி பழிச்சொல்.

மூன்றாவது, வீட்டில் சொல்லியாக வேண்டிய உண்மை ஒன்று இருந்தால், ஊரார் சொல்லும் முன் நீங்களே சொல்லுங்கள். அதனால் தந்தையின் மீதுள்ள பாசம் குறைந்துவிடாது. லிம் ஜோங் குக் தந்தையின் பெயரை எழுதியதால் மகன் என்ற உறவு அறுந்து போனதா? தந்தைக்காகப் பொய் சொல்பவன் தந்தையை மதிப்பவனல்ல. அவரை உண்மையோடு சேர்த்து ஏற்கத் துணிவில்லாதவன்!

கொரியாவில் அந்த யுத்தம் முடிந்து 80 ஆண்டுகள் கடந்து விட்டன. உத்தரவிட்டவர்களும் இல்லை, பணிந்தவர்களும் பெரும்பாலும் இல்லை. ஆனாலும் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் இன்னும் அந்தப் பேரேட்டின் முன்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் அதைத் திறந்தார். ஒருவர் அதன் மீது துணியைப் போட்டார். ஒருவர் அதைப் பூட்டச் சொல்லி நீதிமன்றம் போனார். திறந்தவர் வறுமையில் இறந்தார். ஆனால் ஒரு நாட்டுக்கே கணக்குச் சொல்லக் கற்றுக் கொடுத்து விட்டுப் போனார்.

நம் பிள்ளைகளும் ஒரு நாள் நம்முடைய பேரேட்டைத் திறப்பார்கள். இன்று நாம் எந்த மேடையில் நின்றோம், யாருக்காகக் குரல் கொடுத்தோம், எதைக் கண்டும் காணாமல் போனோம் என்று தேதி வாரியாகப் பார்ப்பார்கள். அவர்கள் தலை குனியாமல் படிக்கக் கூடிய கணக்கை எழுதி வைப்பது இன்று நம் கையில்தான் இருக்கிறது.

வஸ்ஸலாம்.